திவோலியா, பாக்கனா?

கோபன்ஹேகனுக்குக் குடும்பத்துடன் செல்வோருக்கு இரண்டு பழம்பெரும் கேளிக்கைப் பூங்காக்கள் உண்டு. 1843இல் திறக்கப்பட்ட திவோலி, மத்திய ரயில் நிலையத்தின் அருகிலேயே இருப்பதால் முதியோருக்கு அலைச்சல் இல்லை. ஆனால் உள்ளே நுழையவே கட்டணம் செலுத்த வேண்டும். 1583ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் பாக்கன், நகருக்கு வடக்கே மான்கள் திரியும் காட்டில் உள்ளது. கிளாம்பன்போர்க் நிலையத்தில் இறங்கி மரநிழலில் நடக்க வேண்டுமென்றாலும், நுழைவு இலவசம் என்பதால், ராட்டினம் ஏறாத தாத்தா பாட்டியை அழைத்துச் சென்றாலும் கையைக் கடிக்காது.

இரண்டிலும் மரத்தாலான ரோலர் கோஸ்டர் உண்டு. 1914இல் கட்டப்பட்ட திவோலியின் வண்டியில், ஊழியர் ஒருவர் கூடவே அமர்ந்து, இறக்கங்களில் பிரேக்கைக் கையால் இழுத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்க்கலாம். 1932இல் வந்த பாக்கனின் வண்டியில் இப்போது அந்த ஊழியர் இல்லை. அந்தக் கைவேலைக்காகவே, செலவு கூடினாலும் நான் திவோலியையே பரிந்துரைப்பேன்.