செங்கல்லா, கணினியா? நிலநடுக்கத்தைப் புரியவைக்க எது?

சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் வந்தால், சிங்கப்பூரில் உயரமான புளோக்குகளில் இருப்பவர்களுக்கும் சில சமயம் ஆட்டம் தெரியும். அது எப்படி உண்டாகிறது என்று உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை கேட்டால் எதைக் காட்டுவது?

என் தேர்வு முதலில் செங்கல்தான். உப்புத்தாள் ஒட்டிய பலகையில் செங்கல்லை வைத்து, ரப்பர் கயிறு கட்டி ஒரே வேகத்தில் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். கயிறு நீளும், செங்கல் அசையாது. திடீரென்று சறுக்கி நிற்கும். மறுபடி இறுக்கம் சேரும். பூமிக்கடியில் பெரிய பாறைத் தட்டுகளும் இப்படித்தான் ஒன்றோடொன்று சிக்கி நின்று, திடீரென்று சறுக்குகின்றன. இழுக்கும் வேகம் மாறவே இல்லை. ஆனாலும் அடுத்த சறுக்கல் எப்போது, எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாது. நிலநடுக்கத்துக்கு ஏன் தேதி குறிக்க முடியவில்லை என்பது பிள்ளையின் கையிலேயே தெரிந்துவிடும். எந்தத் திரையும் இதைத் தராது.

சரி, அப்புறம் கணினி எதற்கு? 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் பிளவு ஓடியது. ஒற்றைச் செங்கல்லில் அது அடங்காது. கணினியில் உராய்வு, ஆழம், தட்டு நகரும் வேகம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம், பல நூற்றாண்டுகளை ஓட்டலாம். ஆனால் கொடுத்த உராய்வு எண் தப்பென்றால் விடையும் தப்பு. வண்ணப்படம் அழகாக இருப்பதால் நம்பிவிடுவோம், அதுதான் ஆபத்து. அதனால் கணினி மாதிரியை நிஜத் தடயங்களோடு ஒப்பிட வேண்டும். சுமத்ராவுக்கு மேற்கே உள்ள மென்டாவாய்த் தீவுகளின் பவளப்பாறைகளில் பழைய நில ஏற்ற இறக்கங்கள் பதிந்திருக்கின்றன. நன்யாங் பல்கலைக்கழகத்தின் புவி ஆய்வகத்தினர் அவற்றைப் படித்திருக்கிறார்கள்.