படிப்பை முடிப்பதா, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதா?

பாதிப் படிப்பில் நிற்கும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பெரும்பாலும் இரண்டே வழி சொல்வார். ஒன்று, பட்டம். இன்னொன்று, "ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே சொந்தத் தொழில்". நான் எண்ணினால் மூன்று வருகிறது. பயணம் வேறு, தொழில் வேறு. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுக்கொன்று துணை போலத் தெரியும். நடைமுறையில் இரண்டுக்கும் செலவு ஒரே சேமிப்பிலிருந்துதான் போகும், இரண்டும் ஒரே நாளின் மணி நேரங்களைத்தான் பங்கு போடும்.

என் சாய்வை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுக்கும் வாடிக்கையாளர் ஏற்கெனவே இருந்தால் படிப்பை நிறுத்திவைப்பதில் தப்பே இல்லை. ஒரு தொழிலைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காகப் படிப்பை விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

விட்டுப் போனவர்கள் எப்போது விட்டார்கள்?

இந்தப் பேச்சு எடுத்தாலே பில் கேட்ஸ், ஸக்கர்பெர்க், ஸ்டீவ் ஜாப்ஸ் என்று மூன்று பெயர் வரிசையாக வந்துவிடும். சரி, வரட்டும். ஆனால் அவர்கள் கிளம்பிய நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1975 தொடக்கத்தில் ஆல்டேர் 8800 என்ற கணினி ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்தது. பில் கேட்ஸும் பால் ஆலனும் பேசிக் என்ற நிரல் மொழி அந்தக் கணினியில் ஓடும்படி ஒரு மென்பொருளை எழுதித் தயாரிப்பாளரிடம் கொண்டுபோனார்கள். அவர் வாங்கிக்கொள்ளத் தயாரான பிறகுதான் கேட்ஸ் ஹார்வர்டிலிருந்து கிளம்பினார். அதுவும் விடுப்பு எடுத்துக்கொண்டு. மார்க் ஸக்கர்பெர்க் 2004 பிப்ரவரியில் விடுதி அறையிலிருந்து ஃபேஸ்புக்கைத் தொடங்கினார். அந்தக் கோடையில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ போனபோது அது பல கல்லூரிகளுக்குப் பரவியிருந்தது. வருடக் கடைசியில் பயனாளர்கள் பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டார்கள். டெல் கணினிக் கம்பெனியைத் தொடங்கிய மைக்கேல் டெல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படிக்கும்போதே அறையில் உட்கார்ந்து கணினிகளை மேம்படுத்தி விற்றுக்கொண்டிருந்தார். 1984இல் அந்த வருடம் முடிந்ததும் படிப்பை விட்டார்.

கேட்ஸ், ஸக்கர்பெர்க், டெல் மூன்று பேருக்குமே தொழில் முதலில் ஓடத் தொடங்கியது. அதைப் பிடிக்கத்தான் அவர்கள் படிப்பை விட்டார்கள். "என்ன செய்யலாம் என்று வெளியே போய் யோசிக்கிறேன்" என்று கிளம்பியவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை.

ஜாப்ஸ் கொஞ்சம் வேறு மாதிரி. 1972இல் ரீட் கல்லூரியில் சேர்ந்து ஒரே செமஸ்டரில் படிப்பை விட்டார். ஆனாலும் அங்கேயே சுற்றிக்கொண்டு, பிடித்த வகுப்புகளில் மட்டும் போய் உட்கார்ந்தார். 1974இல் இந்தியாவுக்குப் போனார். ஆப்பிள் 1976இல்தான் வந்தது. இதைப் படித்துவிட்டுப் பயணம்தான் ஆப்பிளைக் கொடுத்தது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் போவதற்கு முன் அவர் அட்டாரி என்ற வீடியோ கேம் கம்பெனியில் வேலை பார்த்தார், திரும்பி வந்த பிறகும் அங்கேதான் சேர்ந்தார். விற்பதற்கு ஒரு பொருளை நண்பர் வாஸ்னியாக் செய்து வைத்திருந்தார். பயணம் அவரை மாற்றியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கம்பெனிக்கான சரக்கு வீட்டுப் பக்கத்திலிருந்துதான் கிடைத்தது.

இன்னொரு விஷயம் வயது. அமெரிக்காவில் கம்பெனி தொடங்கியவர்களை அரசுப் பதிவேடுகளை வைத்து அலசிய ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. எம்.ஐ.டி.யின் பியர் அஸூலேயும் அவருடைய சகாக்களும் செய்தது. ஒரு ஆளையாவது வேலைக்கு வைத்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 42. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்ற வகை நிறுவனங்களை மட்டும் எடுத்தால் 45. இருபதில் தொடங்காவிட்டால் வண்டி போய்விடும் என்ற பதற்றம் எங்கிருந்து வருகிறதோ, இந்தக் கணக்கிலிருந்து வரவில்லை.

பயணமும் தொழிலும் உண்மையிலேயே சேர்ந்த இடங்கள்

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்துக்கும் நல்ல சாட்சிகள் உண்டு. விட்டாலிக் புட்டெரின் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர். 2013இல் பிட்காயின் வேலைகளில் இருந்தவர்களைத் தேடி நாடு நாடாகப் போனார். அவர்கள் எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தார். அந்த வருடக் கடைசியில் எதீரியம் என்ற கிரிப்டோ தளத்துக்கான முதல் வரைவு தயாரானது. 2014இல் தீல் ஃபெலோஷிப் கிடைத்தது. படிப்பைத் தள்ளிவைத்துவிட்டு வேலையில் இறங்கும் இளைஞர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்த திட்டம் அது. இந்தியாவின் ரித்தேஷ் அகர்வாலும் அப்படித்தான். மலிவான தங்கும் விடுதிகள் பலவற்றில் தானே தங்கிப் பார்த்து, அங்கே எது சரியில்லை என்று கவனித்ததிலிருந்துதான் ஓயோ என்ற விடுதி நிறுவனம் பிறந்தது. 2013இல் அவரும் அதே தீல் உதவித்தொகை வாங்கினார்.

இரண்டு பேரின் பயணத்திலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. இருவரும் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போனார்கள். புட்டெரின் அதற்கு முன்பே பிட்காயின் பற்றி எழுதிச் சம்பாதித்தவர். போன இடமெல்லாம் அவருக்கு வேலை இடம்தான். உங்கள் பயணத் திட்டத்தைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு ஊருக்கும் நேராக "இங்கே யாரைச் சந்திக்கப் போகிறேன்" என்பதற்கு ஒரு பதில் வந்தால் அது தொழில் பயணம். கடற்கரைப் பெயரும் மலைப் பெயரும் மட்டும் வந்தால் அது சுற்றுலா. சுற்றுலா தப்பில்லை, ஆனால் அதற்குப் படிப்பை விட வேண்டியதில்லை. செமஸ்டர் விடுமுறை போதும்.

லேப்டாப்பும் தேங்காயுமாக இருக்கும் புகைப்படங்களில் வராத பக்கம் ஒன்று உண்டு. வீடியோ எடிட்டிங் செய்து கொடுக்கும் ஒரு ஃப்ரீலான்ஸரை எடுத்துக்கொள்ளுங்கள். கிளையன்ட் ஒன்பது மணி நேரம் பின்னால் இருக்கிறார். அவருக்கு மாலை ஐந்து மணி என்றால் இவருக்கு இரவு இரண்டு. எட்டுப் பேர் தூங்கும் அறையில் பேச முடியாமல், மாடிப்படியில் உட்கார்ந்து கிசுகிசுப்பார். கோப்பு அப்லோடு தொண்ணூறு சதவீதத்தில் அறுந்துபோகும். காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த ஊருக்கு பஸ் பன்னிரண்டுக்கு. மூன்று நாளைக்கு ஒரு ஊர் மாறினால் வாரத்தில் இரண்டு முழு நாள் மூட்டை கட்டுவதிலும் வழி தேடுவதிலும் போய்விடும். இதில் நிலைத்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊரில் இரண்டு மூன்று மாதம் தங்குகிறவர்கள். பார்க்கப்போனால் அவர்கள் பயணிப்பதில்லை, வீடு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊர் சுற்ற விரும்புகிறவருக்குத்தான் பட்டம் அதிகம் தேவை

இந்த இடத்தில்தான் பலர் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். பட்டம் இல்லாமலே சொந்த ஊரில் தொழில் செய்யலாம், யாரும் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். எல்லை தாண்டும்போதுதான் கேட்பார்கள்.

ஜப்பானில் பொறியாளர், அலுவலகப் பணி போன்றவற்றுக்கான வேலை விசாவுக்குப் பட்டம் வேண்டும். அது இல்லையென்றால் பொதுவாகப் பத்து வருட அனுபவம் காட்ட வேண்டும். அமெரிக்காவின் எச்1பி வேலை விசாவில் இளங்கலைப் பட்டம் அடிப்படை. பட்டம் இல்லாதவருக்கு மூன்று வருட வேலையை ஒரு வருடப் படிப்பாகக் கணக்கிடும் வழக்கம் உண்டு. நான்கு வருடப் படிப்புக்கு ஈடாகப் பன்னிரண்டு வருடம் என்று ஆகிறது. இன்னும் மூன்று செமஸ்டர் மிச்சம் இருக்கும் ஒருவர் அதைப் பன்னிரண்டு வருடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

இணையம் வழியே வேலை பார்த்துக்கொண்டே வேறு நாட்டில் தங்க அனுமதிக்கும் டிஜிட்டல் நாடோடி விசா இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எஸ்டோனியா 2020இல் கொண்டுவந்தது, போர்ச்சுகல் 2022இல். அங்கே முதலில் பார்ப்பது வருமானம். போர்ச்சுகலில் அந்த நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு மாத வருமானத்துக்குச் சான்று காட்ட வேண்டும். தொழில் இன்னும் தொடங்கவே இல்லாத மாணவரால் இது முடியாது. பட்டமும் இல்லை, வருமானமும் இல்லை என்றால் கையில் மிஞ்சுவது சுற்றுலா அனுமதி. ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்த ஷெங்கன் பகுதியில் அது 180 நாளில் 90 நாள். அந்த அனுமதியில் அங்கே வேலை செய்து சம்பாதிக்கவும் கூடாது.

படிப்பின் பக்கம்

பட்டத்துக்காக வாதாடுகிறவர்கள் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அது தெரிந்த கதை, விட்டுவிடுவோம். தொழில் செய்ய நினைப்பவருக்கு வளாகம் தரும் வசதிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூட்டாளி தேடப் பக்கத்து அறைக் கதவைத் தட்டினால் போதும். முதல் பயனாளர்கள் கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபேஸ்புக்குக்கு அப்படித்தான் கிடைத்தார்கள். கூகுளின் தேடல் முறையே ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் செய்த ஆய்விலிருந்து வந்தது, அதன் முதல் காப்புரிமை பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் இருந்தது. முயற்சி தோற்றாலும் உங்களுக்கு "மாணவர்" என்ற பெயர் மிச்சம் இருக்கும். வெளியே போய்த் தோற்றால் அதே ஆறு மாதம் விண்ணப்பப் படிவத்தில் ஓர் ஓட்டையாகத் தெரியும்.

எந்தத் தொழில் என்பதும் முக்கியம். இணையதளம் கட்டித் தருவது, எடிட்டிங், பொருள் வாங்கி விற்பது இதற்கெல்லாம் பட்டம் வேண்டாம். அதே சமயம், இவற்றுக்காகப் படிப்பை விடவும் வேண்டாம், மாலை நேரம் போதும். மருத்துவம், மருந்து, வேதியியல் பக்கம் என்றால் நிலைமை வேறு. எலிசபெத் ஹோம்ஸ் ஸ்டான்ஃபோர்டில் இரண்டாம் வருடத்திலேயே வேதிப்பொறியியலை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக் கம்பெனி தொடங்கினார். 2022இல் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாகத் தீர்ப்பு வந்தது. படித்து முடித்திருந்தால் நேர்மையாக இருந்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. ஒரு சொட்டு ரத்தத்தில் எத்தனை சோதனை சாத்தியம் என்று சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் இருந்த இடத்தை அவர் சீக்கிரமே விட்டுப் போனார், அவ்வளவுதான்.

படிப்பே பிடிக்கவில்லை என்பவர்களுக்கு ஒரு கேள்வி. பிடிக்காதது படிப்பா, பாடமா? பாடம்தான் என்றால் துறை மாற்றுவது கம்பெனி தொடங்குவதைவிட மலிவு. அதைக்கூடக் கேட்டுப் பார்க்காமல் டிக்கெட் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எந்த வருடத்தில் நிற்கிறீர்கள்?

"மூன்று வருடம் படித்தாச்சே, வீணாகிவிடுமே" என்பது காரணமே இல்லை. போனது போனதுதான். இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதுதான் கணக்கு. இரண்டு செமஸ்டர் மிச்சம் இருப்பவர் முடித்துவிடுவது நல்லது என்பேன். அவ்வளவு காலம் கூடக் காத்திருக்க முடியாத தொழில் யோசனை உலகத்தில் மிகக் குறைவு. முதல் வருடத்தில் இருப்பவருக்கு இழப்பு குறைவு, அனுபவமும் குறைவு. நடுவில் நிற்பவர்தான் பாவம், இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும். அவருக்குத்தான் விடுப்பு என்ற நான்காவது வழி.

"எப்போது வேண்டுமானாலும் வந்து முடித்துக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கையை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஸ்டீவ் வாஸ்னியாக் திரும்பி வந்தார், உண்மை. ராக்கி ரக்கூன் கிளார்க் என்ற பெயரில் பெர்க்லியில் படித்து 1986இல் பட்டம் வாங்கினார்.  ஆனால் அப்போது அவர் ஆப்பிளில் சம்பாதித்து முடித்திருந்தார். வாடகை கட்ட வேண்டியவருக்கு, குடும்பம் சேர்ந்துவிட்டவருக்கு, மறுபடியும் வகுப்பில் உட்கார்வது அவ்வளவு எளிதில்லை.

அதனால் கிளம்புவதென்று முடிவானால் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்காதீர்கள். விடுப்புக்கு எழுதுங்கள். அதற்கு முன் பதிவாளர் அலுவலகத்தில் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதிகபட்சம் எத்தனை செமஸ்டர் விடுப்பு தருவார்கள்? இதுவரை வாங்கிய கிரெடிட்டுகள் எத்தனை வருடம் செல்லும்? திரும்பி வரும்போது பாடத்திட்டம் மாறியிருந்தால் எந்தப் பாடங்களை மறுபடி எழுத வேண்டியிருக்கும்? அரியர் இருந்தால் விடுப்பில் இருந்துகொண்டே எழுதலாமா? உதவித்தொகை தொடருமா, அறுந்துபோகுமா? கல்விக் கடன் இருந்தால் தவணை எப்போது தொடங்கும்? அமெரிக்கக் கூட்டரசுக் கடன்களில் வெளியேறி ஆறு மாதத்தில் பொதுவாகத் தவணை தொடங்கிவிடும், விடுப்பு நீண்டாலும் இந்தக் கணக்கு ஓடத் தொடங்கலாம். வெளிநாட்டு மாணவர் என்றால் விடுப்பில் இருக்கும்போது விசா நிற்குமா என்பதையும் கேளுங்கள். பதில்களை வாய்ச்சொல்லாக வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள், நீங்கள் திரும்பி வரும்போது அந்த நாற்காலியில் வேறு ஆள் இருப்பார்.