14,999 ரூபாய்க்கு ஒரு பி.டி.எஃப்: ஆன்லைனில் மேடைப்பேச்சு கற்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கொதிப்பு அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். மேடைப்பேச்சு சொல்லித் தருகிறோம் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓட்டும் ஒரு ஆன்லைன் பயிற்சியில் 14,999 ரூபாய் போயே போச்சு. பெயர் போடவில்லை; போட்டால் வக்கீல் நோட்டீஸ் வருமாம். அடையாளம் சொல்கிறேன்: முதலில் 99 ரூபாய் வெபினார், கடைசி அரை மணியில் "இன்று இரவு 12 மணி வரை மட்டும்" என்று ஓடும் டைமர், அப்புறம் 14,999.

நம்ப வைத்தது அந்த வெபினார்தான். சொட்டுநீர்ப் பாசனம் பற்றித் திக்கித் திணறிப் பேசிய ஒருவரைப் பயிற்சியாளர் பாதியில் நிறுத்தினார். "ஒன்பது விஷயம் சொல்றீங்கண்ணா, வீட்டுக்குப் போனா ஒண்ணுகூட நிக்காது. ஃபில்டர் அடைச்சா என்ன ஆகும், அதை எப்படிக் கழுவணும், அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அந்த அண்ணன் மறுபடி பேசினார். தெளிவாகப் புரிந்தது. இந்தப் பயிற்சியாளருக்கு விஷயம் தெரியும் என்று அங்கேயே பணம் கட்டியாயிற்று. அடுத்த ஞாயிறு அதே "நேரலை" மறுபடி ஓடுகிறது. அதே அண்ணன், அதே இடத்தில் அதே திக்கல்!

விளம்பரத்தில் சொன்னது, நான்கு பேச்சுகளுக்குத் தனித்தனி மதிப்பீடு. நான் அனுப்பியது மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்கான டெங்கு பேச்சு, 7 நிமிட வீடியோ. பதிவேற்றிய 4 நிமிடத்தில் மதிப்பீடு வந்துவிட்டது. பேச்சே 7 நிமிடம் ஐயா! "சூப்பர் எனர்ஜி. கைகளை இன்னும் பயன்படுத்துங்கள். மேற்கோளோடு தொடங்குங்கள். முடிவில் உணர்ச்சியைத் தொடுங்கள்." ஒரு பக்க பி.டி.எஃப். வருமான வரி பற்றிப் பேசிய இன்னொருவருக்கும் எழுத்து மாறாமல் இதேதான் வந்திருக்கிறது.

அந்தப் பேச்சில் வெட்ட வேண்டியது ஏராளம். அதைச் சொல்லத்தானே காசு? வைரஸ் வகை நான்கு, அறிகுறிகள், தட்டணுக்கள் என்று எல்லாம் கிடந்தது. தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்வது அந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது ஒன்றுதான்: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்தை ஒட்டி, பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. காய்ந்து கிடந்தாலும் முட்டை மாதக்கணக்கில் தாங்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை ட்ரம்மின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏழு நிமிடத்துக்கு இது ஒன்றே தாராளம். ஸ்லைடு எதற்கு? பழைய பிளாஸ்டிக் கேனை நெடுக்காக அறுத்து, உள்ளே தண்ணீர் நிற்கும் உயரத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டை பிரஷ்ஷால் தேய்த்துக் காட்டினால் கடைசி வரிசைக்கும் தெரியும். முடிவில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "ட்ரம்மில் எந்த இடத்தைத் தேய்ப்பீங்க, ஏன்?" என்று கேட்டால்தான் பேச்சு போய்ச் சேர்ந்ததா என்பது தெரியும். இதில் ஒரு வரிகூட அந்த பி.டி.எஃப்.பில் இல்லை.

பாடமாவது உருப்படியா என்றால், பேச்சு போய்ச் சேர்வதில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்ற பழைய புளுகு. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிய்த்தெடுத்தது. பேசுகிறவரின் சொல்லும் தொனியும் முகமும் முரண்படும்போது அவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். சந்தேகம் இருந்தால் டெங்கு வீடியோவை ஒலியில்லாமல் ஓட்டுங்கள், 55 சதவீதம் புரிகிறதா பார்ப்போம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "உங்க கன்சர்ன் புரியுது மேடம், டீமுக்கு ஃபார்வேர்ட் பண்ணிட்டோம்." பிறகு, "மென்ட்டார் டிராவல்ல இருக்காங்க." பிறகு, "மூணு வீடியோ திறந்துட்டீங்க, ரீஃபண்ட் பாலிசில வராது." வீடியோவைத் திறக்காமல் அது குப்பை என்று எப்படித் தெரியும்? வாட்ஸ்அப் குழுவில் கேட்டதும் அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்று பூட்டிவிட்டார்கள். 14,999 ரூபாய். ஒரு குழுவில் இருநூறு பேர் என்று அவர்களே பீற்றிக்கொள்கிறார்கள், நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சேரும் முன் பார்க்க வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுத நினைத்தேன், பொறுமையில்லை. வேறு யாருக்காவது கொடுத்த மதிப்பீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் என்ன தவறு என்று அதில் இல்லையென்றால் கிளம்பிவிடுங்கள். ரீஃபண்ட் விதியை எழுத்தில் வாங்குங்கள். மேடைப்பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் 1924-லிருந்து இருக்கிறது, சென்னையிலும் கோவையிலும் கிளைகள் உண்டு, விருந்தினராக பெரும்பாலும் சும்மாவே போய்ப் பார்க்கலாம். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு வைத்து நேரம் பார்ப்பார்கள், பேச்சு முடிந்ததும் ஒருவர் எழுந்து நேருக்கு நேர் மதிப்பிடுவார்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் 1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பரம், ரசீது, சாட் எல்லாவற்றையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், குழுவிலிருந்து தூக்கிவிட்டால் எதுவும் கிடைக்காது.