வடசென்னை பி.எட். கல்லூரி ஒன்று: பள்ளிப் பயிற்சி நிறைவு, ஆராய்ச்சி ஏமாற்றம்

வடசென்னையில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் பி.எட். படிப்பை அண்மையில் முடித்தேன், பெயரைத் தவிர்க்கிறேன். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 ஆம் ஆண்டு நெறிமுறைகள் இப்படிப்பை ஈராண்டாக்கி, 20 வாரப் பள்ளிப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. அந்த வாரங்களைக் குறைக்காமல் மாநகராட்சிப் பள்ளிக்கு அனுப்புவதே இக்கல்லூரியின் பெரிய சிறப்பு. அங்கிருந்த வழிகாட்டி ஆசிரியை, காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு விகிதப் பாடத்தை மீன் ஏல விலையிலிருந்து தொடங்கியதையும், காலையில் சாப்பிடாமல் வந்தவர் யார் என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டதையும் பின்வரிசையில் அமர்ந்து கவனித்தது எந்தப் பாடநூலும் தராத பயிற்சி.

செயல் ஆராய்ச்சிதான் ஏமாற்றம். ஆசிரியர் தம் வகுப்பின் சிக்கலைத் தாமே ஆராய்ந்து, ஒரு தீர்வை முயன்று, விளைவை அளந்து, மீண்டும் திருத்துவது அதன் முறை. இங்கோ முந்தைய ஆண்டின் ஏட்டைப் பார்த்து எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கிறது. குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் பியாஜேயும் வைகாட்ஸ்கியும் தேர்வு விடைகளாகவே நின்றுவிடுகிறார்கள். அனுபவம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. 1/2 உடன் 1/3 ஐக் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளையை அனுபவம் 'கவனக்குறைவு' என்று தள்ளிவிடக்கூடும். முழு எண்களுக்கான விதியைப் பின்னத்துக்கும் நீட்டுவதால் நேரும் பிழை அது என்பதை ஆய்வுகளே விளக்குகின்றன.

நூலகம் சுமார்தான். சேர விரும்புவோர் பயிற்சிக்கு எந்தப் பள்ளி, மேற்பார்வையாளர் எத்தனை முறை வருவார், ஆய்வேட்டை யார் படித்துத் திருத்துவார் என்று கேட்டபின் கட்டணம் செலுத்தவும்.