ப்ளூ மோல்ட் முன்னறிவிப்போடு ஏழு பருவம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டனுக்குப் பக்கத்தில் ஒரு பர்லி புகையிலைப் பண்ணையில் 1998 முதல் 2004 வரை பயிர்ப் பாதுகாப்பு என் பொறுப்பில் இருந்தது. அந்த ஏழு பருவமும் காலைக் காபிக்கு முன்னால் நான் பார்த்தது வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ப்ளூ மோல்ட் முன்னறிவிப்பைத்தான். ப்ளூ மோல்ட் என்பது காற்றில் பரவிப் புகையிலையைத் தாக்கும் நோய்; அது அடுத்து எங்கே போகும் என்று சொல்லும் அறிவிப்பு இது. சார்லஸ் மெயின் என்ற தாவர நோயியல் பேராசிரியரும் அவர் குழுவும் நடத்தியது. ஊருக்குப் போன் பண்ணும்போது இதைச் சொன்னேன். வேடசந்தூர் மாமா சிரித்தார்: "கியூபாவுல இருந்து காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு உக்காந்து பாக்குறானாக்கும் மாப்ள?" ஆமாம் மாமா, கிட்டத்தட்ட அதேதான்.

அந்தக் கிருமிக்கு உயிருள்ள புகையிலைச் செடி வேண்டும். கென்டக்கிக் குளிரில் செடி செத்துவிடுவதால் அதற்கும் அங்கே இடமில்லை. ஒவ்வொரு வருடமும் தெற்கிலிருந்து புதிதாக வந்தாக வேண்டும். ஈரமான, குளிர்ந்த இரவில் இலைக்கு அடியில் வித்துகள் உருவாகும். விடிந்து பனி காயும்போது கிளம்பிக் காற்றில் ஏறும். வெயில் பட்டால் சாகும். மேகமூட்டம் இருந்தால் பல நூறு கிலோமீட்டர் தாண்டியும் பிழைக்கும். 1979இல் இந்த நோயால் அமெரிக்காவும் கனடாவும் பட்ட பாடு பழைய விவசாயிகளுக்கு அப்போதும் மறந்திருக்கவில்லை.

முன்னறிவிப்பில் நோய் இருக்கும் இடத்திலிருந்து ஒரு கோடு கிளம்பும். அடுத்த இரண்டு நாளில் அந்தக் காற்று எங்கெல்லாம் போகும் என்று அது காட்டும். புகை, கதிரியக்கத் தூசு எங்கே போகும் என்று கணக்கிட அமெரிக்க வானிலைத் துறையினர் வைத்திருக்கும் ஹைஸ்பிளிட் என்ற கணினி மாதிரியைத்தான் இதற்கும் பயன்படுத்தினார்கள். வித்து கிளம்பும் ஊரில் இரவு எப்படி, வழியில் மேகம் உண்டா, இறங்கும் இடத்தில் மழை பெய்து வித்தைக் கீழே இறக்குமா என்றெல்லாம் நாலு வரியில் எழுதியிருப்பார்கள். கடைசியில் ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று ஒரு சொல்.

நான் முதல் வருடம் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் படித்தேன். அது தப்பு. நாலு வரியில்தான் விஷயமே இருந்தது.

மூன்றாம் பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் "அதிகம்" என்று வந்தது. மெட்டலாக்ஸில் என்ற மருந்துக்கு நோய் எப்போதோ பழகிவிட்டது, அது வேலை செய்யாது. கையில் இருந்த மருந்து எதுவாக இருந்தாலும் வித்து இறங்குவதற்கு முன் இலையில் இருந்தால்தான் பலன். முதலாளி டீசல் கணக்குச் சொல்லி முணுமுணுத்தார், ஆனாலும் சனிக்கிழமை அடித்து முடித்தோம். எட்டாம் நாள் வயலைச் சுற்றினேன். எங்கும் சுத்தம். ஓடைக்கரையில் மரக்கிளை தாழ்ந்து தொங்கியதால் தெளிப்பான் போகாமல் விட்ட நாலு வரிசை மட்டும் விதிவிலக்கு. அங்கே இலை மேல் நாணயம் அளவுக்கு மஞ்சள் வட்டங்கள். திருப்பினால் அடியில் சாம்பலும் நீலமுமாக மெல்லிய ரோமம்; விரலால் தொட்டேன், மாவு போல ஒட்டிக்கொண்டது. முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். அதற்குப் பிறகு அவர் டீசலைப் பற்றிப் பேசவில்லை.

குறைகள் உண்டு. "மத்திய கென்டக்கி" என்று மொத்தமாகச் சொல்வார்கள். எங்கள் பள்ளத்து வயலில் பத்து மணி வரை மூடுபனி. மேட்டு வயல் எட்டுக்கே காய்ந்துவிடும். பள்ளத்துக்கு ஒரு படி கூட்டி, மேட்டுக்கு ஒரு படி குறைத்து நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் வேறு. ஒரு மே மாதம் "குறைவு, குறைவு" என்றே வந்துகொண்டிருந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன். திடீரென்று எங்கள் மிதவை நாற்றங்காலில் (தண்ணீரில் மிதக்கும் தட்டுகளில் நாற்று வளர்ப்பது) நோய். விசாரித்தால், சில மைல் தள்ளி ஒரு நாற்றுப் பண்ணையில் இரண்டு வாரமாகவே இருந்திருக்கிறது. வெளியே சொன்னால் நாற்று விற்காது என்று வாயைத் திறக்கவில்லை. யாரும் சொல்லாத இடத்திலிருந்து கணினி மாதிரி எப்படிக் கோடு போடும்? தெற்கிலிருந்து லாரியில் ஏறி வந்த நாற்றோடு நோய் வருவதும் இப்படித்தான். காற்றைக் கணக்கிடுகிறவருக்கு லாரி தெரியாது. ஏழு பருவத்தில் எனக்கு நினைவு தெரிந்து காற்றுக் கணக்கு தவறியதைவிட ஆட்கள் மறைத்ததால் ஏமாந்ததுதான் அதிகம். அந்த வருடம் நாற்றில் பாதியைக் கொட்டினோம்.

2004இல் சட்டம் வந்து, யார் எவ்வளவு புகையிலை விற்கலாம் என்று அரசு வரம்பு வைத்த ஒதுக்கீட்டு முறை முடிந்தது. முதலாளி புகையிலையை விட்டு மாடு வளர்க்கப் போனார். நான் இப்போது வெள்ளரி, தர்பூசணி விவசாயிகளோடு வேலை செய்கிறேன். இதே வழியில் வெள்ளரி அடிச்சாம்பல் நோய்க்கும் முன்னறிவிப்பு வந்தது, அதையும் பார்த்தேன். போன ஆகஸ்டில் எங்கள் வரிசையில் நரம்புக்குள் அடங்கிய கோணல் மஞ்சள் புள்ளி ஒன்று கண்ணில் பட்டது. இலையைப் பையில் போட்டு அன்றைக்கே வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் கொடுத்தேன். அடுத்த தோட்டக்காரர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.