செக்ஃபால்ட் வந்தால் லினக்ஸ் என்ன செய்கிறது: மண்டபத்திலிருந்து என் அனுபவம்

மண்டபம் பக்கம் கருவாட்டுக் கடைகளுக்கும் ஐஸ் கம்பெனிகளுக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போட்டுப் பராமரித்துத் தருகிறேன். பல வருடமாகப் புழங்கியதில் எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது, மெமரி தவறுகளை அதன் மையப்பகுதியான கெர்னல் கையாளும் விதம்தான். ஒரு புரோகிராம் மெமரியில் தனக்கு அனுமதியில்லாத இடத்தைத் தொட்டால் (அதுதான் செக்ஃபால்ட்), அது மட்டும் சாகும். பக்கத்தில் ஓடும் பில்லிங்குக்கு ஒன்றும் ஆகாது.

செத்த காரணத்தையும் எழுதி வைத்துவிடும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையை அடித்தால் செக்ஃபால்ட் என்று ஒரு வரி வரும். அதில் எரர் எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இன்டெல், ஏஎம்டி கம்ப்யூட்டர்களில் 4 என்றால், மெமரியில் இல்லாத ஒரு பக்கத்தை (மெமரியைப் பிரித்து வைத்திருக்கும் சிறு துண்டு) புரோகிராம் படிக்கப் போனது. 6 என்றால் இல்லாத பக்கத்தில் எழுதப் போனது. 7 என்றால் பக்கம் இருக்கிறது, எழுத அனுமதி இல்லை.

எல்லா ஃபால்ட்டும் கோளாறு இல்லை. ஒரு புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்குவதுதான் ஃபோர்க். அது ஆனதும் இரண்டு புரோசஸும் ஒரே பக்கங்களைப் பகிரும். ஒன்று எழுதப் போகும்போது ஃபால்ட் வரும், கெர்னல் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடரவிடும்.

ஒரு ஐஸ் கம்பெனியில் இன்று பிரவுசர், நாளை பிரிண்டர் சர்வீஸ் என்று மாறி மாறி விழுந்துகொண்டிருந்தது. முகவரியும் ஒவ்வொரு தடவையும் வேறு. இப்படிச் சிதறினால் எனக்கு ராம் மேல்தான் சந்தேகம். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் உப்பு எதையும் விடாது. கழற்றிப் பார்த்தால் முனைகளில் பச்சை பூத்திருந்தது. ரப்பரால் தேய்த்து மாட்டி, ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். ஒரு பிழைகூட வரவில்லை. அதுவே ஒரே புரோகிராம், ஒரே லைப்ரரி, தொடக்க முகவரியைக் கழித்தால் அதே தூரம் என்று திரும்பத் திரும்ப வந்தால் அது மென்பொருள் பிழை. அப்டேட் தேடுவேன்.

கெர்னலே தவறான இடத்தைத் தொட்டால் வருவது ஊப்ஸ். இதில்தான் எனக்குக் குறை. பல லினக்ஸ் தொகுப்புகளில் (டிஸ்ட்ரிபியூஷன்) அப்போது ஓடிய புரோசஸை மட்டும் கொன்றுவிட்டுக் கெர்னல் தொடர்ந்து ஓடும். அந்தப் புரோசஸ் பிடித்திருந்த லாக் (மற்றவை தொடாமலிருக்கப் போடும் பூட்டு) அப்படியே மாட்டிக்கொண்டால், அப்புறம் மெஷின் பாதி உயிரோடு நிற்கும். ஆள் இல்லாத இடத்தில் அது ஆகாது. அங்கெல்லாம் ஊப்ஸ் வந்ததும் கெர்னலை முழுக்க நிறுத்தும் (பேனிக்) பேனிக்-ஆன்-ஊப்ஸ் அமைப்பை 1 ஆக்கி, அதன் பிறகு ரீபூட்டுக்குக் காத்திருக்கும் பேனிக் நேரத்தை 10 விநாடி வைக்கிறேன். தானே ரீபூட் ஆகிவிடும்.

ரீபூட்டில் ஊப்ஸ் செய்தி தொலையாமலிருக்க, கெர்னல் விழும்போது மெமரியைச் சேமித்து வைக்கும் கேடம்ப் நல்லதுதான். ஆனால் அதற்கு மெமரி தனியாக ஒதுக்க வேண்டும், 2 ஜிபி பெட்டிக்கு அது பாரம். அப்படிப்பட்ட இடங்களில் நெட்கன்சோல் போட்டு, நெட்வொர்க் வழியாகப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குக் கெர்னல் செய்திகளை அனுப்ப வைத்திருக்கிறேன்.