மொட்டை மாடிக்குக் கீழே ஏழு டெல்லிக் கோடைகள்

மயூர் விஹாரில் மூன்றாவது மாடி வீடு. அதற்கு மேலே மொட்டை மாடி, அதற்கும் மேலே சூரியன்தான். 2019 ஏப்ரலில் குடிவந்தபோது, "மாடி முழுக்க உங்களுக்குத்தான் சார்" என்று தரகர் பெருமையாகச் சொன்னார். அதில் விழுகிற வெயிலும் எங்களுக்குத்தான் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அந்த முதல் கோடையில் இரண்டு ஏசியும் ராவும் பகலும் ஓடின. ஜூன் மாதத்துக்கு 640 யூனிட். அதே வருஷம் ஆகஸ்டில் டெல்லியில் புது மின்சாரச் சலுகை வந்தது: 200 யூனிட் வரை பில்லே கிடையாது, 201 முதல் 400 வரை பாதி தள்ளுபடி, அதிகபட்சம் 800 ரூபாய். 401 ஆகிவிட்டால் ஒரு பைசா கிடையாது. அன்று முதல் 400 என்பது எங்கள் வீட்டில் லட்சுமணன் கோடு. மாசக் கடைசியில் மனைவி மீட்டரைப் பார்த்துவிட்டு வந்துதான் அன்றைக்கு ஏசி உண்டா இல்லையா என்று சொல்வாள்.

ஆனால் எங்களை வாட்டியது பகல் இல்லை, ராத்திரி. எட்டு மணிக்கு வெளியே கொஞ்சம் அடங்கியிருக்கும். உள்ளே ஃபேனைப் போட்டால் தோசைக்கல்லைத் தொட்டுவிட்டு வந்த காற்று தலையில் இறங்கும். கூரைக் கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை உடனே கீழே விடுவதில்லை. ஐந்தாறு மணி நேரம் வைத்திருந்து, நாம் பாயை விரிக்கும் நேரமாகப் பார்த்துத்தான் விடுகிறது.

2022 ஏப்ரலில் இதை அளந்துவிடலாம் என்று கொரோனா காலத்து நெற்றித் துப்பாக்கியை மாடித் தரையில் காட்டினேன். 'ஹை' என்றது, எண்ணே வரவில்லை. காய்ச்சலுக்கான கருவி, அதற்கு 43 டிகிரிக்கு மேல் உலகம் கிடையாது. அப்புறம் பட்டறைகளில் வைத்திருக்கும் வகை ஒன்று வாங்கினேன். மதியம் மாடித் தரை 63, ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்கையறைக் கூரையின் அடிப்பக்கம் 42.

மே மாதம் ஒரு மிஸ்திரியை, அதாவது கொத்தனாரைப் பிடித்து, சுண்ணாம்பில் பசை கலந்து மாடி முழுக்க இரண்டு பூச்சு அடித்தோம். கூலியோடு 1,800 ரூபாய். அடுத்த வாரம் அதே நேரங்களில் அளந்தால் தரை 46, கூரை அடிப்பக்கம் 37. ஏசிக்குக் கொடுத்த பணத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை இது. ஆகஸ்ட் மழையில் பாதி கரைந்து போனது என்னவோ உண்மை. மறுவருஷம் 14,000 ரூபாய்க்கு வெள்ளைக் கூரைப் பெயிண்ட் அடித்தேன். மூன்று மழைக்காலம் தாங்கியிருக்கிறது. இப்போது யாராவது கேட்டால், மாடியில் ஒழுக்கு இருந்தால் பெயிண்ட், இல்லாவிட்டால் வருஷா வருஷம் மார்ச்சில் சுண்ணாம்பே போதும் என்பேன். எதை அடித்தாலும் பெருக்க வேண்டும். ஒரு புழுதிப் புயல் வந்துவிட்டுப் போனால் வெள்ளை மாடி காவி நிறமாகிவிடும். சூட்டைத் திருப்பி அனுப்பும் வேலையும் அதோடு குறைந்துவிடும்.

கருப்புத் தண்ணீர்த் தொட்டியையும் வெள்ளையடித்து மேலே தட்டி போட்டோம். சாயங்காலம் குழாயைத் திறந்தால் கை சுடுவது நின்றது. மேற்கு ஜன்னலுக்கு சிக் என்கிற மூங்கில் திரை, கண்ணாடிக்கு வெளிப்பக்கம். உள்ளே தடித்த திரை போட்டுப் பெரிய பிரயோஜனமில்லை; வெயில் கண்ணாடி தாண்டி உள்ளே வந்தால் வந்ததுதான்.

இனி கூலர்: நனைந்த பேட் வழியாகக் காற்றை இழுத்து உள்ளே ஊதும் பெட்டி. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேவலமாகப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் அங்கே கூலர் பெரிதாக ஒன்றும் செய்யாது. டெல்லி மே மாதத்தில் வீசும் லூ என்கிற சுடுகாற்று எலும்பு மாதிரி காய்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெளியே 43 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் கூலர் வாயில் 27, 28தான் இருக்கும். எங்கள் தகரக் கூலர் 180 வாட். பத்து மணி நேரம் ஓடினாலும் இரண்டு யூனிட்டைத் தொடாது.

முதல் வருஷம் அதை ஏசி மாதிரி நினைத்து, எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு ஓட்டினோம். இரண்டே நாளில் படுக்கை ஈரம், டப்பாவில் இருந்த அப்பளம்கூட நமுத்துப்போனது. மாயவரத்திலிருந்து வந்திருந்த அம்மா, "ஏண்டா, இது காத்தா, இட்லிக் கொப்பரை ஆவியா?" என்று கேட்டாள். கீழ்வீட்டுப் பஞ்சாபிப் பாட்டி வந்து பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு எதிர்ப்பக்க ஜன்னலை ஒரு சாண் திறந்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் விஷயம். ஈரக் காற்று வெளியேற வழி வேண்டும். கூலர் வெளிக்காற்றைத்தான் இழுக்க வேண்டும், அறைக்குள் இருப்பதை அல்ல.

கூலரின் பக்கங்களில் தண்ணீர் ஊறி நிற்கும் மெத்தைதான் பேட். அதில் எல்லா வகையும் போட்டுப் பார்த்தாயிற்று. தேன்கூடு பேட் சில வருஷம் வரும் என்றார்கள். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பில் இரண்டாவது கோடையிலேயே ஓட்டைகள் அடைத்துக்கொண்டன. சாதாரண மரநார் பேட் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாற்ற வேண்டும், ஆனால் விலை குறைவு, காற்று தாராளம். கஸ் பேட் என்று விற்பது வேறொன்றுமில்லை, நம் வெட்டிவேர். காற்று கொஞ்சம் குறைகிறது, வாசனை அதை மன்னிக்க வைக்கிறது. இப்போது மூன்று பக்கத்தில் ஒன்று மட்டும் வெட்டிவேர்.

வாரம் ஒரு நாள் கூலர் தொட்டியைக் காலி செய்து தேய்க்காவிட்டால் கொசு. 2021இல் கொசுச் சோதனைக்கு வந்தவர் டார்ச் அடித்து, நெளிகிற புழுக்களை எனக்கே காட்டி நோட்டீஸ் கொடுத்தார். பதில் பேச வாயில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை காபிக்கு முன்னால் அந்த வேலை.

ஃபேன் ஐந்தையும் மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மோட்டார் வகைக்கு மாற்றினேன். 75 வாட் போய் 30 வாட். ஒரு ஃபேன் பதினைந்து மணி நேரம் சுற்றினால் மாதம் 20 யூனிட் மிச்சம். ஒன்றில் மூன்றாம் வருஷம் சர்க்யூட் போனது, ரிமோட்டுகளைத் தேடுவது தனி வேலை.

ஏசியை விற்றுவிடவில்லை. 2024 ஜூனில் ஓர் இரவு சஃப்தர்ஜங் வானிலை நிலையத்திலேயே வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. அன்று எந்த வீராப்பும் இல்லாமல் ஏசியைப் போட்டுக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் படுத்தோம். மூன்று வருஷமாகக் கேஸ் நிரப்பிப் பணம் வாங்கிய மெக்கானிக்கை மாற்றிய பிறகுதான் செப்புக் குழாய் இணைப்பில் கசிவு இருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்த பின் 26 வைத்து ஃபேனைச் சேர்த்துப் போட்டால் போதுமாக இருக்கிறது. போன ஜூனில் 388 யூனிட்.

மழை தொடங்கியதும் கூலருக்கு வேலையில்லை. வெளியே 34 டிகிரி, ஈரப்பதம் 75 என்றால் அது 31இல் ஈரத்தைத்தான் ஊதும். ஜூலை முதல் வாரம் தண்ணீரை வடித்து, பேட்டைக் கழற்றி, ஜன்னலில் பிளைவுட் பலகையை மாட்டிவிடுவோம். அம்மா மட்டும் அதற்குள் வந்து பழைய பேட்டிலிருந்து ஒரு பிடி வெட்டிவேரை உருவி வைத்துக்கொள்வாள். பானையில் போடவா என்று கேட்டேன். "கூலர் தண்ணியில ஊறினதையா? பீரோவுக்குடா" என்றாள்.